கடிமேஸ்திரி நட்டாக இருந்த நாள்

உலகத்தில் எல்லாருக்கும் கேட்பதற்குக் காது, கடிப்பதற்குப் பல். பல்லால் கேட்கிற ஒரே மனிதர் எங்கள் பாறசாலையில் இருக்கிறார். திருவிதாங்கூர் ராஜ்யத்தில் மட்டுமல்ல, கப்பலேறிப் போய்த் தேடினாலும் அவருக்கு ஜோடி அகப்படாது என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவேன்.

பெற்றோர் அவருக்கு வைத்த பெயர் என்னவென்று ஊரில் யாருக்கும் தெரியாது. மோட்டார் ரிப்பேர் செய்பவர், ஆகவே மேஸ்திரி. எதையும் கடித்துப் பார்த்தே ரிப்பேர் செய்பவர், ஆகவே கடிமேஸ்திரி. அவருடைய இடது காது முழுச் செவிடு. வலது காது, நல்ல மனநிலையில் இருந்தால் கேட்கும். இதை ஒரு குறையாக அவர் நினைத்ததே இல்லை. முழங்கை நீளத்தில் ஒரு திருப்புளி வைத்திருப்பார். அதன் இரும்பு முனையை ஓடுகிற இஞ்சினின் மேல் ஊன்றி, மரப்பிடியைப் பல்லில் கடித்துக்கொண்டு கண்ணை மூடுவார். இஞ்சின் பேசுவதெல்லாம் தாடை வழியாக மண்டைக்குள் போய்விடும். சற்று நேரம் கழித்துப் பிடியை வாயிலிருந்து எடுத்து, "மூணாவது வால்வு பெருமூச்சு விடுது, ஒண்ணாவது பேரிங்கு பல்லு நறநறங்குது" என்று தீர்ப்புச் சொல்வார். பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் அப்படியே இருக்கும். இல்லாவிட்டால், "நேத்து வரைக்கும் அப்படித்தான் இருந்தது, என்னைக் கண்டதும் நேரே ஆயிப்போச்சு" என்பார். அவர் தோற்றதாக ஒரு இஞ்சினும் இதுவரை சொன்னதில்லை.

இந்தப் பழக்கம் மோட்டாரோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சாயாக்கடையில் அகப்பையின் ஒரு முனையைப் பாய்லரில் வைத்து மறு முனையைக் கடித்து, "இன்னும் கொதிக்கல்லே, எனக்கு இப்பம் தராதேயும்" என்று சொல்லியிருக்கிறார். ஒரு முறை பெரிய உத்தியோகஸ்தர் ஒருவருடைய மோட்டார் எங்கள் சந்திப்பில் இருமிக்கொண்டு நின்றது. மேஸ்திரி கையில் அப்போது திருப்புளி இல்லை. அதற்கென்ன, உத்தியோகஸ்தர் கையில் வெள்ளிப் பூண் போட்ட கைத்தடி இருந்தது. அவர் கையிலிருந்து அதை வாங்கி, வெள்ளிப் பூணைப் பல்லில் கவ்வி, மறு முனையை இஞ்சினில் ஊன்றிவிட்டார். கூட வந்த டவாலிச் சேவகன் வாயைப் பிளந்தபடி நின்றான். மேஸ்திரி கண்ணைத் திறந்து, "ஏமானே, வண்டிக்கு ஒண்ணுமில்லே, பெட்ரோல்ல வெள்ளம் கலந்திருக்காக்கும்" என்று சொல்லிவிட்டு, தடியைத் துவர்த்து முண்டால் துடைத்துப் பணிவோடு திருப்பித் தந்தார். பூணில் நாலு பல் பதிந்திருந்தது. உத்தியோகஸ்தர் அதை ராஜமுத்திரை பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே வண்டியேறினார்.

இடது காது போன கதையையும் சொல்லிவிட வேண்டும். பின்னால் நடந்ததற்கெல்லாம் அதுதான் வேர். எங்கள் பக்கத்தில் நவராத்திரி பூசை வைப்பு எவ்வளவு கண்டிப்பானது என்று வடக்கத்தி வாசகர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். அஷ்டமி சாயங்காலம் புத்தகம், எழுத்தாணி, உளி, கலப்பை, தராசு எல்லாம் பூசையில் ஏறிவிடும். விஜயதசமி காலையில் பூசை எடுப்பு முடிகிற வரை யாரும் எதையும் தொடக் கூடாது. பள்ளிக்கூட வாத்தியாரான நானே நவமியன்று ஒரு எழுத்துப் படிக்கமாட்டேன். மேஸ்திரி இளவயதில் ஒரு நவமியன்று அவசரத்துக்கு ஒரு சுத்தியலை எடுத்துவிட்டாராம். அடுத்த வாரமே ஒரு லாரியின் புகைக்குழாய் அவர் இடது காதருகில் வெடித்தது. அன்று முதல், பூசையில் வைத்த ஆணியைக்கூட அவர் விரலால் தொடுவதில்லை.

கடந்த மழைக்காலம் முழுவதும் மேஸ்திரி ஒரே ஒரு மோட்டாரைத்தான் கட்டிக்கொண்டு அழுதார். அது எங்கள் ஊர்க் கொப்பரை முதலாளியுடையது. தனுவச்சபுரத்தில் யாரோ ஒருவர் வீட்டுப் பலாமரத்தடியில் வெகுகாலம் கிடந்த வண்டி. பின் ஆசனத்தில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்ததாகவும், குஞ்சு பொரித்த பிறகே முதலாளியால் வண்டியை எடுக்க முடிந்ததாகவும் பேச்சு. மேஸ்திரி அதன் இஞ்சினை அக்கக்காகக் கழற்றித் தன் ஷெட்டில் வாழையிலைகளின் மேல் பரப்பினார். பார்ப்பதற்குப் பெரிய கலியாணப் பந்தி மாதிரி இருந்தது. பிறகு ஒவ்வொன்றாகத் தேய்த்து, மாற்றி, கடித்துப் பார்த்து, திரும்பப் பூட்டினார். அஷ்டமியன்று எல்லாம் முடிந்து டைமிங் வைப்பது ஒன்றுதான் பாக்கி.

டைமிங் என்றால் என்ன என்று நான் ஒரு நாள் அவரிடம் கேட்டேன். எங்கள் வீடு ஷெட்டுக்கு அடுத்த வீடு. கேட்காமல் இருந்தாலும் சொல்லிவிடுவார்.

"ஓணத்துக்குப் பிள்ளையை ஊஞ்சல்ல இருத்தி ஆட்டுவீரா, சாரே?"

"ஆட்டுவேன்."

"ஊஞ்சல் உம்மைப் பாத்து ஏறி வருது. அது பாதி ஏறும்போதே தள்ளினா என்ன ஆவும்? உமக்க நெஞ்சில இடிக்கும். எறங்கிப் போன பெறவு தள்ளினா? வெறும் காத்தைத் தள்ளுவீரு. ஏறி முடிக்கப் போறப்போ ஒரு இமைப்பு நிக்கும் பாத்தீரா, அங்கே தள்ளணும். இஞ்சினுக்குள்ளே பிஸ்டன் ஏறி வருது. அந்த இமைப்புல தீப்பொறி விழணும். அதாக்கும் டைமிங்கு. பாக்கியெல்லாம் வெறும் இரும்பு."

பொறி தருவது மாக்னெட்டோ என்கிற சாமான். இஞ்சினின் விலாவில் ஒட்டிக்கொண்டிருக்கும் இரும்பு முட்டை. அதைச் சற்று முன்னே திருப்பினால் பொறி முந்தும், பின்னே திருப்பினால் பிந்தும். சரியான இடம் பார்த்து நிறுத்தி, ஒரு சின்னப் பித்தளை நட்டால் இறுக்கிவிட வேண்டும். அந்த நட்டு சுண்டைக்காய் அளவுதான். ஆனால் மேஸ்திரிக்கு அதுதான் இஞ்சினின் உயிர். ஆகவே அஷ்டமி சாயங்காலம் ஸ்பானர், திருப்புளி, ஸ்டார்ட் செய்கிற ஹாண்டில் எல்லாவற்றோடும் அந்த நட்டையும் சந்தனம் தடவி, பலகையில் நடுநாயகமாக வைத்தார். மேலே அவலும் மலரும் கற்கண்டும் தாராளமாகத் தூவினார். தசமி காலையில் எடுத்து, டைமிங் வைத்து, ஊரறிய ஸ்டார்ட் செய்வதாகத் திட்டம்.

இப்போது என் மகள் பாருவைச் சொல்ல வேண்டும். ஆறு வயது. மூத்தவர்கள் வளர்ந்துவிட்ட பிறகு, இனி இல்லை என்று நாங்கள் தொட்டிலைப் பரணில் ஏற்றியபின் பிறந்தவள். அவள் தும்மினால் எனக்குக் காய்ச்சல் வரும். நவமியன்று காலையில் அவள் பூக் கொண்டுபோய் மேஸ்திரியின் பலகையில் வைத்தாள். வைத்த கையோடு ஒரு பிடி கற்கண்டு எடுத்து வாயில் போட்டாள்.

நான் முற்றத்தில் நின்றேன். அவள் ஓடி வந்தாள். வாய் திறந்திருந்தது, எச்சில் ஒழுகியது, சத்தம் வரவில்லை. கையால் தொண்டையைக் காட்டினாள்.

மூச்சு இருந்தது. ஆனால் எதையும் விழுங்க முடியவில்லை. வைத்தியர் ஒருவர் வந்து பழம் கொடுக்கச் சொன்னார். பழம் போன வழியே திரும்பி வந்தது. அதற்குள் மேஸ்திரி தன் பலகையைத் தொடாமல், குனிந்து, ஒவ்வொரு சாமானாகக் கண்ணால் எண்ணிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, பலகையின் நடுவே காலியாக இருந்த இடத்தைக் காட்டினார்.

"சாரே, அது எனக்க நட்டாக்கும்."

நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் டாக்டர் இருக்கிறார், அங்கே இதை எடுக்கிற ஆயுதம் இருக்கிறது. ஆனால் போவது எப்படி? பஸ்கள் ஓடவில்லை. அவற்றின் ஹாண்டில்களும் அந்தந்த ஷெட்டுகளில் சந்தனம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. காளைவண்டி ஆடி அசைந்து போய்ச் சேர்வதற்குள் என்ன ஆகுமோ. ஊரில் இருந்த ஒரே மோட்டார் முதலாளியின் மோட்டார். அது ஓட வேண்டுமானால் நட்டு வேண்டும். நட்டு வெளியே வர வேண்டுமானால் அது ஓட வேண்டும்.

நான் பாருவைத் தோளில் போட்டுக்கொண்டு ஷெட்டுக்குள் ஓடினேன். "மேஸ்திரி, ஸ்பானரை எடும். வேறே ஏதாவது நட்டைப் போட்டு முறுக்கும். பாவம் எனக்கு வரட்டும்."

அவர் பலகைக்கு முன்னால் இரு கையையும் விரித்து நின்றார். "பாவம் உமக்கு வரும் சாரே. செவி எனக்காக்கும் போச்சு."

"ஓய், பிள்ளை சாவக் கிடக்கு."

"அதுக்காகத்தான் சொல்லுதேன். இன்னைக்கு இந்த வண்டியில ஏறப்போறது ஆரு? நானா? உமக்க பிள்ளை. பூசைச் சாமானைத் தொட்டு முறுக்கின வண்டியில அவளை ஏத்த என்னால ஒக்காது. ஸ்பானர் இல்லாம நான் வண்டியை ஓட்டித் தாறேன். வெப்ராளப்பட்டுப் பதறாதேயும்."

"எப்படி?"

"உமக்க வீட்டில உள்ளி உண்டா?"

எனக்கு அந்த நேரத்தில் அவரை அடிக்கத் தோன்றியது. உள்ளே ஓடிய என் மனைவி, ஒரு முறம் சின்ன உள்ளியோடு, அதாவது சின்ன வெங்காயத்தோடு, வந்தாள். அடுத்தாற்போல் மேஸ்திரி எங்கள் துடைப்பத்திலிருந்து ஒரு நல்ல ஈர்க்கிலை உருவினார். இந்த இரண்டும்தான் அன்றைக்கு அவருடைய ஆயுதம்.

ஈர்க்கிலை முதல் சிலிண்டரின் பிளக் துவாரம் வழியாக உள்ளே விட்டார். பிஸ்டன் ஏறினால் ஈர்க்கில் ஏறும், இறங்கினால் இறங்கும். இஞ்சினைச் சுற்ற ஹாண்டில் இல்லாததால் வண்டியை கியரில் போட்டுத் தள்ளச் சொன்னார். சக்கரம் உருண்டால் இஞ்சினும் சுற்றும். சாயாக்கடையில் இருந்தவர்கள், பழம் கொடுக்கச் சொன்ன வைத்தியர், வழிப்போக்கர்கள் எல்லாரும் பின்னால் வந்து கை வைத்தார்கள். கொப்பரை முதலாளி ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்பது அவருடைய சொந்த அபிப்பிராயம்.

"பைய. பைய. இன்னும் ஒரு நெல்லிடை. எலே, நெல்லிடைன்னா நெல்லிடை. தென்னந்தடியா உருட்டுதீங்க?"

வண்டி ஒரு முழம் தாண்டிவிட்டது.

"பின்னே வாங்க. பின்னே. முதலாளி, பிரேக்கு."

"பிரேக்கு எந்தப் பக்கத்தில ஓய்?"

"வலத்தே. அது ஹாரனாக்கும்."

பின்னே வந்தார்கள். மறுபடி தாண்டியது. மறுபடி முன்னே. ஒரு தேரை இத்தனை பாடுபட்டு நிலைக்குக் கொண்டுவந்து நான் பார்த்ததில்லை. கடைசியில் ஈர்க்கில் உச்சிக்கு வந்து அசையாமல் நின்றது. மேஸ்திரி உள்ளிக்கு மேலே இருக்கிற அந்தச் சிவந்த மெல்லிய தோலில் ஒரு துணுக்கை மாக்னெட்டோவின் இரண்டு முனைகளுக்கு நடுவே செருகினார். ஒரு கையால் தோலை மெல்ல இழுத்துக்கொண்டே மறு கையால் மாக்னெட்டோவைத் திருப்பினார். முனைகள் பிரிகிற அந்தக் கணத்தில் தோல் விட்டுக்கொடுக்கும். அதுதான் பொறி விழுகிற இடம். தோல் கிழிந்தது. இன்னொன்று. அதுவும் கிழிந்தது. என் மனைவி தரையில் உட்கார்ந்து உள்ளி உரித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். கண்ணீர் கொட்டியது. எதனால் என்று யாரும் கேட்கவில்லை. உரிக்கிற கை மட்டும் ஓயவில்லை.

ஒரு தோல் முழுசாக வழுகி வந்தது. ஒருவர் ஈர்க்கிலை உருவிவிட்டுப் பிளக்கைக் கைவிரலாலேயே முறுக்கினார். மேஸ்திரி மாக்னெட்டோவை அப்படியே கையால் பிடித்துக்கொண்டு, "தள்ளுங்க, மொத்தமா, எறக்கத்தைப் பாத்து" என்று கத்தினார். தள்ளினார்கள். வண்டி உருண்டது. இஞ்சின் ஒரு முறை முனகிற்று. பிறகு புகைக்குழாய் வழியாக ஒரு வெடி வெடித்தது பாருங்கள், கோயில் கம்பக்கட்டு வாணவேடிக்கை தோற்றுவிடும். கயிற்றில் கட்டியிருந்த இரண்டு மாடுகள் கயிறோடு போய்விட்டன. வைத்தியர் ஓடையில் கிடந்தார். முதலாளி வண்டியை விட்டு இறங்கி நின்றிருந்தார். எப்போது இறங்கினார் என்று அவருக்கே தெரியவில்லை.

மேஸ்திரி தன் கன்னத்தில் தானே ஒரு அறை வைத்துக்கொண்டார். பிஸ்டன் இரண்டு தடவை உச்சிக்கு வருமாம். ஒரு தடவை காற்றை இறுக்கிக்கொண்டு வரும், மறு தடவை புகையைத் துப்பிக்கொண்டு வரும். இறுக்குகிறபோதுதான் பொறி வேண்டும். துவாரத்தில் கட்டைவிரலை வைத்தால் காற்று முட்டுவதிலிருந்து தெரிந்துவிடும். எந்த இஞ்சினுக்கும் அவர் அதைத்தான் முதலில் செய்வார். அன்றைக்குச் செய்யவில்லை.

"நான் இஞ்சினைப் பாக்கல்லே சாரே. பிள்ளையைப் பாத்துக்கிட்டு நின்னுட்டேன். அவளைக் கண்ணுக்கு மறைவா அங்கே கொண்டு போவும். கண்டா எனக்கு வேலை ஓடாது."

பாருவை எடுத்துக்கொண்டு ஷெட்டின் பின்புறம் போனேன். அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். எச்சில் என் முதுகில் சூடாக இறங்கியது. அந்தப் பக்கம் "முன்னே, முன்னே, நில்லு" என்ற சத்தம் கேட்டது. இம்முறை ஒரு நெல்லிடை என்றால் ஒரு நெல்லிடைதான் தள்ளினார்கள். சற்று நேரத்தில் இஞ்சின் பிடித்தது. நான் சங்கீதம் கேட்டவன்தான். ஆனாலும் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை.

வெளியே ஓடிவந்தால் மேஸ்திரி மாக்னெட்டோவை விடாமல் பிடித்தபடி வண்டியோடு நடந்துகொண்டிருக்கிறார்.

"ஏறும் சாரே."

"நட்டு இல்லையே ஓய்? கயிறு வச்சுக் கெட்டுவோமா?"

"கயிறு சூட்டுக்கு நிக்காது. நட்டு நானாக்கும்."

சொல்லிவிட்டு மட்கார்டின் மேல் குப்புற ஏறிப் படுத்துக்கொண்டார். பானெட்டின் ஒரு பக்கம் திறந்திருந்தது. இரண்டு கையும் தோள் வரை இஞ்சினுக்குள். கால்கள் வெளியே காற்றில். கேட்பதற்காகப் பானெட்டின் விளிம்பைப் பல்லால் கவ்விக்கொண்டார். அப்படியே புறப்பட்டோம்.

ஏற்றம் வந்தால் மாக்னெட்டோவைக் கையாலேயே ஒரு துளி பின்னே திருப்பினார். சமநிலம் வந்தால் முன்னே. வண்டி சொன்ன பேச்சுக் கேட்டது. அவருக்குத்தான் கஷ்டம். வழியில் ஒவ்வொரு பள்ளத்திலும் கை எங்கோ பட்டு மின்சாரம் அடிக்கும். இரண்டு காலும் தவளை மாதிரி உதறும். வாயைத் திறந்தால் இஞ்சின் பேசுவது கேட்காது என்பதால் அவர் கத்தவும் இல்லை. மூக்கு வழியாக ஒரு மாதிரியான சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

உதியன்குளங்கரையில் ஒரு கூட்டம் எங்களைப் பார்த்தது. பார்த்தவர்களுக்கு என்ன தெரியும்? ஒரு மோட்டார் ஒரு மனிதனை இடுப்பு வரை விழுங்கிவிட்டு, மீதியை விழுங்கிக்கொண்டே ஓடுகிறது.

"எலே, ஆளு மாட்டிக் கெடக்கான். நிறுத்துலே."

"கால் துடிக்குது பாரு. உயிர் இருக்கு. நிறுத்து."

பத்துப் பேர் பின்னால் ஓடிவந்தார்கள். நின்றால் இஞ்சின் அணைந்துவிடும், திரும்பத் தள்ள ஆள் வேண்டும். நல்ல வேளையாக முதலாளிக்கு எப்படி நிறுத்துவது என்று தெரியாது. நான் பின்னால் திரும்பி, "அவர் மேஸ்திரியாக்கும், ரிப்பேர் செய்யுதார்" என்று கத்தினேன். அதைக் கேட்டு அவர்கள் இன்னும் வேகமாக ஓடிவந்தார்கள். அமரவிளைப் பாலம் தாண்டின பிறகுதான் பின்தங்கினார்கள். பாரு என் மடியில் நிமிர்ந்து உட்கார்ந்து, எச்சில் ஒழுக, அந்த உதறுகிற கால்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். அதனால்தானோ என்னவோ, அழவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் முதலாளி ஒரு செம்பருத்தி வேலியில் வண்டியை நிறுத்தினார். டாக்டர் ஓடிவந்து, முகமெல்லாம் கரியும் கையெல்லாம் கொப்புளமுமாக இருந்த மேஸ்திரியைத் தூக்கிக் கட்டிலில் போடச் சொன்னார். அவர் திமிறிக்கொண்டு, "நானில்லே ஸாரே, நானில்லே. குட்டி அவிடெயாணு" என்று பாருவைக் காட்டினார்.

டாக்டர் வளைந்த நீண்ட குறடு ஒன்றை எடுத்தார். பாருவின் தலையை நான் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. பீங்கான் தட்டில் 'டிங்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. அதற்குப் பின் பாரு வாய்விட்டு, முழுத் தொண்டையோடு, தெரு கேட்க அழுதாள். அப்பாடா என்று நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு நர்ஸ் வந்து எனக்குத் தண்ணீர் தெளித்தாள்.

வெளியே வராந்தாவில் கைக்கட்டுப் போட்டுக்கொண்டிருந்த மேஸ்திரிக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. நான் போய் அவர் முன்னால் நின்று, எடுத்தாயிற்று என்று தலையை ஆட்டினேன். அவர் என் முகத்தையே உற்றுப் பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு வெகுநேரம் மூக்கைச் சிந்தினார். கடைசியில், "நட்டு எங்கே?" என்றார்.

டாக்டர் அதைக் கொண்டுவந்து கொடுத்தார். நடுவில் துவாரம் இருந்தது நல்லதாயிற்று, அதில் குறட்டின் முனையை மாட்டித்தான் இழுக்க முடிந்தது என்று சொன்னார். மேஸ்திரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஓட்டை உண்டும்னாத்தான் அது நட்டு. முழுசா இருந்தா அது கோலியாக்கும்" என்று டாக்டருக்கு விளக்கினார். பிறகு நட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "பிரி கேடில்லே, மரை தேயல்லே" என்று திருப்தியோடு மடியில் முடிந்துகொண்டார்.

ஊருக்குத் திரும்ப வேண்டும். நான் சொன்னேன், "இப்பம்தான் நட்டு கையில இருக்கே, பூட்டும் ஓய். நிம்மதியா உக்காந்து வாரும்."

"பூசைக்கு வச்சதாக்கும். எடுப்பு நாளைக்கு."

"அதைத்தான் பிள்ளை எடுத்தாச்சே?"

"பிள்ளை எடுத்தா களவில்லே. நான் எடுத்தா களவு. இதை இப்படியே கொண்டு போயிப் பலகையில வைக்கணும்."

முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். வேறு வழி? ஆஸ்பத்திரி ஆட்கள் தள்ளிவிட, நட்டை மடியில் வைத்துக்கொண்டே நட்டாகப் படுத்துப் பாறசாலை வரை வந்தார் மேஸ்திரி. கைக்கட்டு இருந்ததால் மின்சாரம் அவ்வளவாக அடிக்கவில்லை. "போறப்போ இதைக் கெட்டியிருந்தா சுகமா இருந்திருக்கும்" என்று வந்திறங்கிய பிறகு சொன்னார். ஆனாலும் பெரிய பள்ளங்களில் கால் உதறியது. உதறிய ஒவ்வொரு தடவையும் பாரு சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு என் உடம்பில் ஒவ்வொரு முடிச்சாக அவிழ்ந்தது.

விஜயதசமி காலையில் பூசை எடுப்பு. பெரிய துணிப் பொதியாக இருந்த கையால் மேஸ்திரியால் எதையும் பிடிக்க முடியவில்லை. நட்டைப் பாருவே எடுத்துப் பிரியில் வைத்துத் திருகினாள். நான் அவள் பின்னாலேயே நின்று, அது கையிலிருந்து வாய்க்குப் போகாமல் இஞ்சினுக்குப் போகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னமும் எனக்கு முழுசாகத் தெளியவில்லை. சட்டைப் பொத்தான்களைத் தினமும் இழுத்துப் பார்க்கிறேன். கற்கண்டை வீட்டில் சேர்ப்பதில்லை. பாரு சற்று நேரம் பேசாமல் இருந்தால் வாயைத் திறக்கச் சொல்கிறேன். அவள் இப்போதெல்லாம் என்னைக் கண்டதும் தானாகவே வாயைத் திறந்து காட்டிவிட்டுப் போகிறாள்.

மேஸ்திரிக்கு நான் நன்றி சொல்லவில்லை. முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வராது. அதனால் ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஷெட்டில் நுழைந்து அவருடைய இடது பக்கமாகப் போய் நிற்பேன். அந்தக் காதில் எதுவும் விழாது. சொல்ல வேண்டியதையெல்லாம் மெல்லச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவேன்.

போன வாரமும் அப்படித்தான். இஞ்சின் ஓடாமல் நின்ற ஒரு வண்டியில் அவர் குனிந்திருந்தார். நான் இடது பக்கம் போய், பானெட்டின் மேல் முழங்கையை ஊன்றித் தாடையைக் கையில் தாங்கிக்கொண்டு ஆரம்பித்தேன். நீர் இல்லாவிட்டால் என் வீட்டில் இன்று விளக்கு எரியாது, இந்த ஜன்மத்தில் இதை நான் தீர்க்க முடியாது, என்றெல்லாம். பாதியில்தான் கவனித்தேன். அவர் திருப்புளியை இஞ்சினில் ஊன்றிப் பிடியைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தார். கண் மூடியிருந்தது.

மெல்ல அதை வாயிலிருந்து எடுத்தார்.

"எல்லாம் கேட்டாச்சு சாரே. ஒண்ணு மாறி நில்லும்."

மாறி நின்றேன், அவருடைய வலது காதுப் பக்கமாக.